ஒரு தெருவுக்குப் பெயர் வைக்கும்போது

தியானப் பகுதி: 2 சாமுவேல் 18:18, அப்போஸ்தலர் 9:10-19





இவ்வாண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 3ஆம் நாள் வந்தது. அதே நாளில், சரியாக 200 ஆண்டுகளுக்கு முன்னர், 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலையில், நம்முடைய திருச்சிராப்பள்ளியில் பேராயர் ரெஜினால்டு ஹீபர் மரித்தார். நம் பிள்ளைகள் பலர் அவர் பெயர் தாங்கிய பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றவர்கள். பீமநகர்ப் பக்கம் போகிறவர்கள் 'ஹீபர் ரோடு' என்று ஆட்டோக்காரரிடம் சொல்லியிருப்பீர்கள். இந்த வாரத் தியானத்தில் அவரைப் பற்றி மட்டுமே எழுதுவதாக எண்ணியிருந்தேன். ஆனால், சென்ற மாதச் சேகரக் குழுக் கூட்டத்தில் எழுந்த ஒரு காரியம் அந்த வரலாற்றோடு என் மனத்தில் பின்னிக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே உங்கள் முன் வைக்கிறேன்.

காரியம் இதுதான். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலைக்கு அருகில் ஒரு சந்தில் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் நெடுங்காலம் வாழ்ந்து, சென்ற ஆண்டு ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின்னும் அந்தச் சந்திலும் சுற்றுத் தெருக்களிலும் பிள்ளைப்பேறு என்றால், காய்ச்சல் என்றால், படுக்கையில் கிடக்கும் முதியவரின் புண்ணுக்குக் கட்டுப்போட வேண்டுமென்றால், அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். பட்டர் வீட்டுக்கும் போனார், பூக்கட்டுகிறவர் வீட்டுக்கும் போனார், கூலி கேட்டதில்லை. இப்போது அந்தச் சந்தில் வாழ்கிறவர்கள், பெரும்பாலும் இந்துக்கள், அவர் பெயரைச் சந்துக்கு வைக்க வேண்டுமென்று மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதி, நம் சபையும் அதில் கையொப்பமிட வேண்டுமென்று கேட்டு வந்தார்கள். முடிவாகும்வரை பெயரை வெளியிட வேண்டாமென்று குடும்பத்தார் விரும்புவதால் நானும் இங்கே எழுதவில்லை. நம்மில் அநேகருக்கு அவர் யாரென்று தெரியும்.

குழுவில் என்ன நடந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் நம் ஊர்த் தெருக்களைச் சற்று நடந்து பார்ப்போம்.

கண்டோன்மென்ட் பகுதியில் வில்லியம்ஸ் ரோடு, லாசன்ஸ் ரோடு, ரெனால்ட்ஸ் ரோடு, மெக்டொனால்ட்ஸ் ரோடு, ராக்கின்ஸ் ரோடு என்று பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. நாள்தோறும் அவற்றின் வழியே பேருந்து நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் போகிறோம். அந்த மனிதர்கள் யாரென்று நம்மில் எவரும் கேட்பதில்லை. தெப்பக்குளத்தருகே தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் துணி எடுக்கக் கூட்டம் நெருக்கும் என்.எஸ்.பி. ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் என்னும் பெருந்தலைவரின் பெயர் அது. மூன்று எழுத்துகளாகச் சுருங்கிய பின்பு, அங்கே சேலை வாங்குகிறவருக்கு நேதாஜியின் நினைவு வருவது அரிது. பலகை பெயரைக் காக்கும். மனிதரைக் காக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குச் சென்றால் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளுக்கும் தர்மவர்மன், இராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திரிவிக்கிரமன், கலியுகராமன் என்று மரபிலே பெயர்கள் உண்டு. ஆலிநாடன் என்பது திருமங்கையாழ்வாரைக் குறிக்கும்; மற்றவை அரசர்களோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. ஆனால், அங்கே குடியிருக்கிறவர் தம் முகவரியைச் சொல்லும்போது உத்திர வீதி என்கிறார், சித்திரை வீதி என்கிறார். அரசரின் பெயர் ஏட்டில் நின்றது. மக்கள் கூடித் தேர் இழுத்த திருவிழாவின் பெயர் நாவில் நின்றது. மக்கள் ஒரு வழியை எதற்காக நேசித்தார்களோ அதனாலேயே அதை அழைக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில் ஹீபரின் கதையைக் கேளுங்கள். 1783இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1823இல் கல்கத்தாவின் பேராயராக இந்தியாவுக்கு வந்தார். அக்காலத்தில் அந்த ஒரே திருமண்டலத்துக்குள் இந்தியா முழுவதும், இலங்கையும், ஆஸ்திரேலியாவும்கூட அடங்கியிருந்தன. 1824இல் அவர் செய்த ஒரு காரியம் தமிழராகிய நாம் மறக்கலாகாதது. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்த தமிழ் உபதேசியார் கிறிஸ்டியன் டேவிட் என்பவருக்கு அவர் குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கன் சபையில் இந்திய மண்ணைச் சேர்ந்த ஒருவர் குருவானவராக அபிஷேகம் பெற்றது அப்போதுதான்.

1826 மார்ச் 26ஆம் நாள் உயிர்த்தெழுதல் திருநாளை ஹீபர் தஞ்சாவூரில் ஆசரித்தார். ஏப்ரல் 1ஆம் நாள், சனிக்கிழமை, திருச்சிக்கு வந்தார். ஞாயிறன்று தூய யோவான் ஆலயத்தில் பிரசங்கித்தார்; திடப்படுத்தல் ஆராதனையும் நடத்தினார். திங்கட்கிழமை விடியற்காலையில் கோட்டையிலுள்ள கிறிஸ்து ஆலயத்துக்குச் சென்று தமிழ்ச் சபையாரைச் சந்தித்துத் தமிழிலேயே ஆசி கூறினார். கூடியிருந்த மக்களிடம் சாதி வேற்றுமையின் தீமையைக் குறித்துப் பேசினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பின்பு தாம் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, வளாகத்திலிருந்த குளியல் தொட்டியில் இறங்கினார். வெகுநேரமாகியும் வராததைக் கண்ட பணியாளர் சென்று பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. வயது 42. தூய யோவான் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கணக்கிட்டுப் பாருங்கள். அவர் நம் ஊரில் உயிரோடு இருந்தது முழுதாக மூன்று நாள்கூட இல்லை. ஆயினும் பள்ளிக்கும், 1966இல் புதிதாய் எழுந்த கல்லூரிக்கும், ஒரு சாலைக்கும் அவர் பெயர் வாய்த்தது. அவர் குறைகள் இல்லாதவரும் அல்லர். திரித்துவத்தைப் போற்றும் அவருடைய பாட்டை நாம் இன்றும் தமிழில் பாடுகிறோம். 1819இல் அவர் எழுதிய வேறொரு மிஷனெரிப் பாட்டிலோ இலங்கை மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் உண்டு. காந்தியடிகள் 1925இல் கல்கத்தாவில் மிஷனெரிமாரிடையே பேசும்போது அதை எடுத்துக்காட்டி வருந்தினார். அவர் வருந்தியது நியாயமே. கர்த்தருடைய ஊழியரின் பெயரைப் பலகையில் எழுதுகிறவர்கள் அந்த ஊழியரின் குறைகளையும் அறிந்தே எழுதவேண்டும்.

இனி, ஹீபர் அந்தக் கடைசிக் காலையில் நின்ற கிறிஸ்து ஆலயத்தைக் கட்டியவரைப் பாருங்கள். கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்சு ஐயர் 1762இல் திருச்சிக்கு வந்தார். 1778 வரை, ஏறத்தாழ 16 ஆண்டுகள், இங்கே ஊழியம் செய்தார். 1766இல் அந்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். தமிழ் மட்டுமன்றி மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளையும் கற்றார். கோட்டைக்குள் ஒரு பழைய கட்டடத்தில், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறையில் குடியிருந்தார். சோறும் காய்கறியுமே அவர் உணவு. அவரை நேரில் கண்ட ஆங்கிலேயர் எழுதிவைத்த செய்தி இது.

தஞ்சைக்குச் சென்ற பின்பு அவர் பெயருக்குக் கிடைத்த மதிப்பு எத்தகையது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 1779இல் சென்னை அரசு, மைசூரின் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப விரும்பியபோது, ஹைதர் நம்பக்கூடியவராக இந்த ஐயரே அனுப்பப்பட்டார். அதன்பின் வந்த போரிலும் பஞ்சத்திலும், அரசு அலுவலர்கள் விலை கொடுக்கமாட்டார்கள் என்றஞ்சிய குடியானவர்கள் தானியத்தைக் கொண்டுவர மறுத்தார்கள். சுவார்ட்சு ஐயர் தாமே பொறுப்பு என்று வாக்களித்த பின்புதான் வண்டிகள் கோட்டைக்குள் வந்தன. திரண்ட செல்வத்தைவிட நல்ல பெயர் மேலானது என்று நீதிமொழிகளின் ஞானி கற்பித்ததை அந்தக் குடியானவர்கள் நெல்மூட்டைகளால் உறுதிப்படுத்தினார்கள்.

1798இல் அவர் மரித்தபோது, அவர் கையில் வளர்ந்த தஞ்சை மன்னர் சரபோஜி வந்து கண்ணீர் விட்டார். பின்னர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக்கொண்டு ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்து, தஞ்சைக் கோட்டையிலுள்ள ஆலயத்தில் அமைத்தார். கிறிஸ்தவராகாத ஓர் இந்து மன்னர், தம் அண்டையிலிருந்த கிறிஸ்தவ ஊழியருக்குச் செய்த மரியாதை அது. ஸ்ரீரங்கத்துச் சந்திலிருந்து மனுவோடு நம் வாசலுக்கு வந்தவர்களைக் கண்டபோது எனக்குச் சரபோஜி மன்னரே நினைவுக்கு வந்தார்.

நம் காலத்துக்கு அருகில் வேலூரைப் பாருங்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ள சாலைக்கு ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா அம்மையார், 1900இல் ஒரே கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவி, 1960இல் கொடைக்கானலில் மரித்தார். 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் எழுதி அனுப்பிய கடிதமொன்று தவறாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்தது என்று வேலூரில் சொல்வார்கள். தெருப் பெயரே தேவைப்படாத அளவுக்கு அறியப்பட்டிருந்த ஒருவருக்கே தெரு பெயரிடப்பட்டது. மக்கள் முன்னமே நடந்து உண்டாக்கிய பாதைக்குப் பலகை பின்னால் வந்தது.

நம் தாயாருக்கும் அப்படித்தான். அடக்க ஆராதனை அன்று நான் ஸ்ரீரங்கத்தில் வழி கேட்டபோது, 'நர்சம்மா சந்துங்களா, அந்தப் பூக்கடை தாண்டி இடப்பக்கம் திரும்புங்க' என்றார் ஒரு தேநீர்க் கடைக்காரர். எந்தப் பதிவேட்டிலும் அந்தப் பெயர் இல்லை. அந்த அண்டை வீட்டார் இப்போது கேட்பது, 'நர்சம்மா' என்ற அந்த அழைப்புக்குள் இருந்த மனுஷியின் சொந்தப் பெயர் எழுதப்படவேண்டும் என்பதே.

வேதத்திலும் இரு விதமான பெயர்களைக் காண்கிறோம். தன் பெயரை நினைக்கச் செய்யக் குமாரன் இல்லையே என்று அப்சலோம் தனக்குத்தானே ஒரு தூணை நிறுத்தி, தன் பெயரையே அதற்கு இட்டான். அவன் எப்படி வாழ்ந்தான், எப்படி மாண்டான் என்பதை அதே அதிகாரம் சொல்கிறது. அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்திலோ தமஸ்குவின் நேர்த்தெருவை வாசிக்கிறோம். ரோமர் காலத்து நீண்ட வீதி அது. பழைய தமஸ்கு நகரில் இன்றும் இருக்கிறது. அந்தத் தெருவில் யூதா என்னும் ஒருவருடைய வீட்டில் பார்வையிழந்த சவுல் தங்கியிருந்தார். யூதாவைப் பற்றி வேதம் வேறொன்றும் சொல்வதில்லை. அவர் கதவைத் திறந்தார், ஒரு குருடனுக்கு இடம் கொடுத்தார், அவ்வளவே. ஆயினும், ஆண்டவர் அனனியாவிடம் வழி சொல்லும்போது தெருவின் பெயரோடு அந்த வீட்டுக்காரரின் பெயரையும் சேர்த்தே சொன்னார். கதவைத் திறந்தவர்களின் பெயர் ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்பானவர்களே, இப்போது நம் குழுக் கூட்டத்துக்கு வருகிறேன். மனு வாசிக்கப்பட்டதும் சிலர் மகிழ்ந்தார்கள். சிலர், இதைவிடப் பெரிய கொடைகள் கொடுத்தவர்கள் சபையில் இருக்கிறார்களே என்றார்கள். அது பேசித் தீர்க்கக்கூடிய கருத்து. பின்பு ஒருவர் தாழ்ந்த குரலில், 'அந்த அம்மா எந்தப் பக்கத்துக் குடும்பம்?' என்று கேட்டார். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. அங்கிருந்த அனைவருக்கும் கேள்வியின் பொருள் விளங்கிற்று. எனக்கும் விளங்கிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. 'இதை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்' என்று கூறி, ஆலயக் கூரைப் பழுது பற்றிய பொருளுக்குச் சென்றேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு பேராயர் தம் கடைசிக் காலையில் எதைக் குறித்துப் பேசினாரோ, அதைக் குறித்து அந்த மேசையில் பேச எனக்கு வாய் எழவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை திருச்சபையைவிட்டு முற்றிலும் நீங்கவேண்டுமென்று ஆணையிட்டார். தஞ்சையிலும் திருச்சியிலும் அதை ஏற்க மனமில்லாமல் பலர் சபையைவிட்டே விலகினார்கள். அந்த வரலாற்றை இறையியல் கல்லூரியில் படித்தேன், தேர்விலும் எழுதினேன். நம் நகரத்திலேயே, மரித்தோரையும் சாதி பார்த்துப் பிரித்து வைக்கும் சுவருள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் உண்டென்பதையும் அறிவேன். எல்லாம் அறிந்திருந்தும் மௌனமாயிருந்தேன். அந்த மௌனம் என் தவறு. குழுவினரிடம் அதை அறிக்கையிட்டேன். இப்போது உங்களிடமும் அறிக்கையிடுகிறேன்.

2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, தெருக்கள், சாலைகள், குடியிருப்புகள் ஆகியவற்றின் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குவதற்கான ஆணையை வெளியிட்டது. பலகையிலிருந்து சாதியை அழிக்க அரசு ஆணையிட்டிருக்கும் காலத்தில், பலகையில் ஒரு பெயரை ஏற்றுவதற்குச் சபை சாதி கேட்குமானால், நாம் உலகத்துக்கு எப்படி ஒளியாயிருப்போம்? பட்டர் வீட்டார் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தங்கள் பிள்ளை பிறக்கும்போது அந்தத் தாயாரின் கைகளையே அவர்கள் நம்பினார்கள். அவருடைய கையிலிருந்து திருவிருந்தின் பாத்திரத்தை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்த நாம் கேட்டோம்.

ஒரு சாலைக்குப் பெயரிட மாநகராட்சி மன்றத்தின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். மனு ஏற்கப்படலாம்; ஆண்டுக்கணக்கில் கோப்பில் உறங்கலாம்; மறுக்கவும்படலாம். அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை சில உண்டு. மனுவின் முதற்பக்கம் அந்தச் சந்து மக்களுடையதாக இருக்கட்டும். அவர்களுடைய கையொப்பங்களுக்குக் கீழே நம் கையொப்பங்கள் வரட்டும். இதைச் சபையின் பெருமைக்கான காரியமாக்க வேண்டாம். பெயரோடு பட்டமோ, குடும்பப் பெருமையோ, வேறெந்த ஒட்டோ வேண்டாம்; திருமுழுக்கில் அவருக்கு இடப்பட்ட பெயர் ஒன்றே போதும். மேலும், ஏசாயா 58ஆம் அதிகாரம், குடியிருப்பதற்கேற்ற வழிகளைச் சீர்ப்படுத்துகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. மழை பெய்தால் அந்தச் சந்தில் சாக்கடை நீர் வாசற்படி ஏறுகிறது. அதற்காகவும் அவர்களோடு சேர்ந்து மாநகராட்சி அலுவலகத்துக்கு நடப்போம். நர்சம்மாவின் பெயரை எழுதிவிட்டு, அவர் நடந்த வழியைச் சேறாக விட்டுவிடலாகாது.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் மனு ஆலய வாசலில் வைக்கப்படும். முதல் கையொப்பம் என்னுடையதாக இருக்கும். சேகரக் குழுவில் நான் சொல்லத் தவறியதற்குப் பதிலாக அதைச் செய்கிறேன். எவரையும் வற்புறுத்தேன். கையொப்பமிட மனமில்லாதவர்கள் என்னை வந்து காணுங்கள், கோபமின்றிப் பேசுவோம். ஆனால், அந்தத் தாழ்ந்த குரலின் கேள்வியை எவரும் இனி நம் சபையில் கேட்கவேண்டாம். கேட்டால், இந்த முறை நான் மௌனமாயிரேன்.

ஜெபம்: எங்கள் பெயர்களை அறிந்த ஆண்டவரே, கதவைத் திறந்து வாழ்ந்த உம்முடைய அடியாளுக்காக உமக்கு நன்றி. அவரை நாங்கள் நினைப்பது பலகையோடு நின்றுவிடாதிருக்கட்டும். பேசவேண்டிய வேளையில் மௌனமாயிருந்த எங்களை மன்னியும். அண்டை வீட்டாருடைய அன்பைக் கண்டு நாங்கள் வெட்கப்படவும், திருந்தவும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

ஊழியத்தில் உங்கள் ஆயர்